சாப்ளின் வந்திருக்கார்!

ஷெஃபீல்டுக்கு வந்த புதிதில் ஆபீஸில் ஒரு மெயில் வந்தது. வியாழக்கிழமை மதியம் சாப்ளின் வருவார், பேச நினைப்பவர்கள் பேசலாம் என்று. எனக்குத் தெரிந்த ஒரே சாப்ளின் தொப்பியும் குட்டி மீசையும் வைத்தவர்தான். ஏதோ படம் போடப் போகிறார்கள் என்று நினைத்து டிபன் பாக்ஸோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர் வெள்ளைக் காலர் போட்ட ஒரு பாதிரியார்!

வழிந்துகொண்டே எழுந்து வரப் பார்த்தேன். விடவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூர் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், பெங்களூரில் எங்கே என்கிறார். ஆனேக்கல் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும், ஆபீஸுக்குள் பாதிரியாருக்கு என்ன வேலை என்று தேட ஆரம்பித்தேன். தேடினால், அந்தக் கதையின் பெரிய அத்தியாயம் நான் குடியிருக்கும் இந்த ஊரிலேயே இருக்கிறது.

1944. போர் இன்னும் முடியவில்லை. ஷெஃபீல்டின் எஃகு ஆலைகளில் ராத்திரி பகலாக உலை எரிகிறது. அந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகளில் சர்ச் பக்கம் வருகிறவர்கள் ரொம்பக் கம்மி. அன்றைய பிஷப் லெஸ்லி ஹண்டர், டெட் விக்கம் என்ற இளம் பாதிரியாரைக் கூப்பிட்டு ஆலைகளுக்குள் அனுப்பினார். விக்கம் பாதிரியார் ஆவதற்கு முன்னால் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் ஸ்வின்னர்டன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சாப்ளினாக இருந்தவர். அதனால் உலைச்சூடு அவருக்குப் புதிதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசுவார். ஜெபக்கூட்டம் எல்லாம் இல்லை. கூலி, யூனியன், போர், கடவுள் என்று எது கிளம்புகிறதோ அதுதான் பேச்சு. இப்படிப் பிறந்ததுதான் ஷெஃபீல்டு தொழில்துறை ஊழியம். இந்த அனுபவத்தை வைத்து விக்கம் 1957ல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன ஏற்பாடு. ஆலைக்குள் போக நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும், யூனியனின் சம்மதமும் வேண்டும். சாப்ளினுக்குச் சம்பளம் கொடுப்பது சர்ச். கம்பெனி இல்லை. இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், மொத்தக் கதையும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. கம்பெனி காசு கொடுத்தால் தொழிலாளி அவரை முதலாளியின் ஒற்றன் என்பான். யூனியன் மட்டும் கூப்பிட்டால் முதலாளி அவரைக் கலகக்காரன் என்பான்.

கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1943ல் பிரெஞ்சுத் தொழிலாளிகளை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனபோது, சில பாதிரியார்கள் தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு அவர்களோடு தொழிலாளியாகவே போனார்கள். போர் முடிந்த பிறகும் அந்த வழி தொடர்ந்தது. அங்கியைக் கழற்றிவிட்டு துறைமுகத்திலும் ஆலையிலும் கூலிக்கு வேலை. கொஞ்சநாளில் யூனியனில் சேர்ந்தார்கள், வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். ரோம் பயந்துபோய் 1954ல் முழுநேர ஆலை வேலையை விடச் சொல்லியது. கிட்டத்தட்ட பாதிப்பேர் விட மறுத்தார்கள். மறுபடி அனுமதி கிடைக்க 1965 ஆனது.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். அங்கே 1984ல் டல்லாஸில் மார்க்கெட்ப்ளேஸ் மினிஸ்ட்ரீஸ் என்று ஓர் அமைப்பு தொடங்கியது. கம்பெனிகள் கட்டணம் கொடுத்து சாப்ளின்களை வரவழைத்துக்கொள்ளலாம். டைசன் என்ற கோழி இறைச்சிக் கம்பெனி 2000ல் தானே சாப்ளின்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்து, அவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. வீட்டில் சாவு, விவாகரத்து, குடிப்பழக்கம் என்று தவிக்கும் தொழிலாளிக்குப் பேச ஓர் ஆள் கிடைப்பது நல்லதுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொழிலாளியின் பிரச்சினையே கன்வேயர் பெல்ட்டின் வேகமாக இருந்தால், கம்பெனியிடம் சம்பளம் வாங்குபவர் என்ன செய்வார்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பெங்களூரில் எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்த காலம். மதத்தையும் சமூகத்தையும் ஆராய பெங்களூரில் 1957ல் ஒரு கிறிஸ்தவ ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1962லிருந்து அதை நடத்தியவர் எம்.எம். தாமஸ். ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கையில் சர்ச்சுக்கு என்ன வேலை என்ற கேள்வி அப்போதே இங்கே சூடாகப் பேசப்பட்டது.

ஆனால் அந்த ஆலைகளிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த ஆனேக்கல் வேறு உலகம். கன்னடத்தில் ஆனேகல்லு என்றால் ஆலங்கட்டி. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், தமிழ்நாடு. இன்று பொம்மசந்திராவும் ஜிகணியும் கம்பெனி மயம். அன்று ராகி வயலும் கல் குவாரியும். வயலில் வேலை செய்த தலித் மக்களில் பலர் 'ஜீதா' ஆட்கள். ஜீதா என்றால் கொத்தடிமை. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய சின்னக் கடனுக்கு ஆண்டுக்கணக்கில் பண்ணையார் வீட்டு வேலை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அதன்படி அந்தக் கடனே செல்லாது. சட்டம் டெல்லியில் இருந்தது, ஆள் ஆனேக்கல்லில் இருந்தான். நடுவில் யாரும் இல்லை.

1980களின் கடைசியில் அந்த நடுவில் வந்து நின்றவர்களில் ஒருவர் கிரண் கமல் பிரசாத். சேசு சபைப் பின்னணியிலிருந்து வந்தவர். ஆனேக்கல் தாலுக்கா கிராமங்களில் அவர் தொடங்கிய வேலைதான் பின்னால் ஜீத விமுக்தி கர்நாடகா, சுருக்கமாக ஜீவிகா என்ற அமைப்பாக வளர்ந்து மற்ற மாவட்டங்களுக்கும் போனது. யார் யார் ஜீதாவில் இருக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுப்பது, அதிகாரியிடம் மனு கொடுக்க வைப்பது, விடுதலைச் சான்றிதழ் வாங்கும்வரை அலைவது. மறுவாழ்வுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவி 1978ல் 4,000 ரூபாய், 2000ல் 20,000 ஆனது. சான்றிதழ் இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

ஷெஃபீல்டில் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தால் போதுமாக இருந்தது, அவனுக்கு யூனியன் இருந்தது. ஆனேக்கல்லில் ஆறுதலுக்கு முன்னால் ஒரு காகிதம் தேவைப்பட்டது.

இப்போது அப்பா கதை. நாங்கள் முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு ஜிகணிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை. நான் பத்தாவது படிக்கும்போது மெஷினில் அவருடைய வலது கையில் இரண்டு விரல் போனது. பட்டறையிலிருந்து ஒரு ஆள் வந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, கை சரியானதும் வரச்சொல்லிப் போனான். போன விரல் எப்படிச் சரியாகும்?

அடுத்த வாரம் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒரு கன்னியாஸ்திரி வந்தார். மலையாள வாடை அடிக்கும் தமிழ். அம்மா கொஞ்சம் மிரண்டுதான் போனாள், மதம் மாறச் சொல்வார்களோ என்று. சிஸ்டர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இ.எஸ்.ஐ. கார்டு இருக்கா?"

இல்லை. பட்டறையில் யாருக்குமே இல்லை. முதலாளி பணம் கட்டவில்லை என்றாலும், சட்டப்படி கட்டியிருக்க வேண்டிய இடமென்றால் தொழிலாளிக்கு உரிமை உண்டு, அந்தப் பணத்தை முதலாளியிடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ. பாடு என்று அன்றைக்கு அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் அலைந்தோம். ஃபாரம் எழுதியது சிஸ்டர், கூடவே போனது நான். இன்றைக்கும் அப்பாவுக்கு மாதாமாதம் ஒரு சின்னத் தொகை வருகிறது. ஒரு தடவைகூட அவர் சர்ச்சுக்குக் கூப்பிட்டதில்லை. நாங்களும் போனதில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கேக் வரும், பொங்கலுக்கு அம்மா திருப்பிக் கொடுத்தனுப்புவாள்.

இதையெல்லாம் அன்று அந்த சாப்ளினிடம் சொன்னேனா? பாதிதான். அப்பா கல் வேலை பார்த்தவர், இப்போது ரிட்டையர்டு என்று சொல்லி நிறுத்திவிட்டேன். விரல் விஷயத்தை அந்த ஊரிலேயே யாரிடமும் சொன்னதில்லை. பிறகு ஒருநாள் நானே போய்ச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த சிஸ்டருக்கு லெட்டர் போட்டீங்களா?" என்றார்.

போடவில்லை. பதினேழு வருஷமாகப் போடவில்லை.

ஹாட்ஃபீல்ட்ஸ் எஃகு ஆலை இருந்த இடத்தில் 1990லிருந்து மெடோஹால் ஷாப்பிங் மால் நிற்கிறது. வாராவாரம் அங்கேதான் பிள்ளைகளுக்குத் துணி வாங்குகிறோம். ஆனேக்கல்லிலும் ராகி வயல்கள் அபார்ட்மென்ட் ஆகின்றன. அப்பா செய்த வேலையை இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் செய்கிறார்கள். அவர்கள் அறைக்குப் போய் கார்டு இருக்கா என்று கேட்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான் என் கவலை. அந்த ஆள் சிலுவை போட்டிருந்தாலும் சரி, விபூதி பூசியிருந்தாலும் சரி, எதுவுமே இல்லாமல் யூனியன் நோட்டீஸோடு வந்தாலும் சரி. சம்பளத்தை முதலாளியிடம் வாங்காதவராக இருந்தால் போதும்.

லெட்டர் எழுதிவிட்டேன். நாளைக்குத் தபாலில் போடவேண்டும்.