எய்தவன் இருக்க அம்பை ஏன் பார்க்க வேண்டும்? – பொருநைக்கரை அம்புகளின் கதை

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது நம் ஊர்ப் பழமொழி. நியாயம் பேசும்போது அது சரிதான். ஆனால் காட்டுக்குப் போகும் வேடன் அப்படிச் சொல்லிக்கொண்டு இருக்க முடியாது. குறி தப்பினால் அவன் முதலில் எடுத்துப் பார்ப்பது அம்பைத்தான். வளைந்திருக்கிறதா, இறகு கழன்றிருக்கிறதா, முனை ஆடுகிறதா? ஏனென்றால் அன்றைய சாப்பாடு அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

வில் ஒன்று இருந்தால் பல நாள் ஓடும். அம்பு அப்படி இல்லை. தொலையும், ஒடியும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பறக்கும். அதனால் அம்பைத் தேர்ந்தெடுப்பதும் அதை வில்லுக்கு ஏற்றபடி சரிசெய்வதும் தனிக் கலையாகவே வளர்ந்தது. தாமிரபரணிக் கரையில் அந்தக் கலைக்கு என்ன தடயம் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

தேரியில் கிடைத்த கல் முனைகள்

தாமிரபரணி கடலோடு சேரும் பகுதிக்கு வடக்கிலும் தெற்கிலும் சிவந்த மணல்மேடுகள் பரந்து கிடக்கின்றன. தேரிக்காடு என்றால் எல்லோருக்கும் தெரியும். சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம், காயாமொழி என்று பல இடங்களில் அந்த மணலில் சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் இவற்றைக் கவனித்தார். பிறகு சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து 1956-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இவற்றின் காலம் கி.மு. 4000 அளவில் இருக்கலாம் என்பது அவர்களது மதிப்பீடு.

படிகக்கல்லிலும் செர்ட் கல்லிலும் செய்த இக்கருவிகளில் பிறை வடிவத் துண்டுகள் உண்டு. இரண்டு பக்கமும் அழுத்திச் செதுக்கிய கூர்முனைகளும் உண்டு. பல துண்டுகள் விரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரியவை. இவற்றில் சில குச்சியின் நுனியில் பிசின் வைத்து ஒட்டிய அம்பு முனைகளாக இருந்திருக்க வேண்டும். இதே மாதிரி முனைகள் கடலுக்கு அப்பால் இலங்கையிலும் கிடைக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

ஆதிச்சநல்லூரில் இரும்பு

அடுத்த கட்டம் ஆதிச்சநல்லூர். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1876-இல் ஜெர்மானியரான ஃபெடோர் ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்கு எடுத்துப் போனார். 1899-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 114 ஏக்கர் பரப்பில் முதுமக்கள் தாழிகள் வரிசை வரிசையாக இருந்தன. வாள், ஈட்டி முனை, அம்பு முனை என்று இரும்புப் பொருட்கள் ஏராளம்.

ரீ எழுதி வைத்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகாது. இரும்பு ஆயுதங்கள் பெரும்பாலும் முனை கீழே பார்த்தபடி இருந்தனவாம். இறந்தவரை அடக்கம் செய்ய வந்தவர்கள் தங்கள் கையாலேயே மண்ணில் குத்தி வைத்தது போல!

பக்கத்தில் உள்ள சிவகளையிலும் அம்பு முனைகள் உள்ளிட்ட இரும்புப் பொருட்கள் கிடைத்தன. அங்கே இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழக அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. இன்னும் பல இடங்களிலிருந்து சான்றுகள் வேண்டும் என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு.

குச்சி எங்கே?

இங்கேதான் சிக்கல். கல் முனை கிடைத்தது, இரும்பு முனை கிடைத்தது. முனைக்குப் பின்னால் இருந்த தண்டு? இறகு? கட்டிய நார்? எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால் அம்பின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தத் தண்டுதான்.

நாணை இழுத்து விடும்போது அம்பு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து வரும் தள்ளலில் அது வில்லைப் போல வளைகிறது, வில்லின் தண்டைச் சுற்றிக்கொண்டு நெளிந்து போகிறது, பிறகுதான் நேராகிறது. இருபதாம் நூற்றாண்டில் அதிவேகப் படக்கருவி வந்த பிறகு இது கண்ணுக்கே தெரிந்தது. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, தண்டு மிகவும் விறைப்பாக இருந்தால் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். மிகவும் துவண்டால் வலப்பக்கம் போகும். அதனால் வில்லின் பலத்துக்கு ஏற்ற விறைப்புள்ள தண்டு வேண்டும்.

இந்த விறைப்பை அளக்க இன்று ஒரு முறை இருக்கிறது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். பழைய வேடனுக்குத் தராசு கிடையாது. விரலால் வளைத்துப் பார்ப்பான், எய்து பார்ப்பான், அவ்வளவுதான்.

முனையின் எடை கூடினால் அதே தண்டு இன்னும் துவண்டது போல நடந்துகொள்ளும். நீளம் கூடினாலும் அப்படியே. கொஞ்சம் வெட்டிக் குறைத்தால் விறைப்பு ஏறும். அப்படியானால் யோசித்துப் பாருங்கள்: நகமளவு கல்லை எடுத்துவிட்டுக் கனமான இரும்பு முனையை வைத்த நாளில் பழைய தண்டு அப்படியே உதவியிருக்காது. தடிப்பான தண்டு தேட வேண்டும், அல்லது நீளத்தைக் குறைக்க வேண்டும். கல்லிலிருந்து இரும்புக்கு மாறியது கொல்லனின் சாதனை மட்டும் அல்ல. பெயர் தெரியாத அம்பு செய்பவர்கள் மறுபடியும் முதலிலிருந்து கற்ற பாடமும்கூட.

சொல்லில் மிஞ்சியது

பொருள் அழிந்தாலும் சொல் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கிறது. 'சரம்' என்றால் அம்பு, நாணலும்கூட. 'கோல்' என்றால் குச்சி, அம்பும்கூட. எதிலிருந்து செய்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அர்த்தசாஸ்திரமும் மூங்கில், நாணல் அம்புகளைச் சொல்கிறது. முனை வெட்டவா, பிளக்கவா, துளைக்கவா என்று வேலையைப் பார்த்து இரும்பிலோ எலும்பிலோ மரத்திலோ செய்யச் சொல்கிறது. அம்பின் நேர்மையான வடிவத்தையும் அதன் கொடுமையையும் சேர்த்து வள்ளுவர் 279ஆம் குறளில் உவமை ஆக்கினார்.

மூங்கிலோ நாணலோ, வெட்டியவுடன் அம்பாகாது. காய வேண்டும். தீயில் வாட்டிக் கோணலை நிமிர்த்த வேண்டும். வாலில் கட்டும் இறகுகள் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். இடமும் வலமும் கலந்தால் ஒன்றை ஒன்று எதிர்த்து அம்பு தடுமாறும்.

இலையில் ஒரு ஆர்டர்

இந்தத் தேர்வு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு, தேரி மக்களின் கல் முனைகளுக்கு உறவான முனைகள் கிடைத்த அதே இலங்கையில் ஒரு சாட்சி உண்டு. கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இல் எழுதிய நூலில் வேடர்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். கூடவே, தங்களுக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவில் வெட்டிய ஒரு இலை. கொல்லன் அதே அளவில் செய்து அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். சரியாகச் செய்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஒரு நாள் இரவில் அம்பே வரும்!

பேச்சு இல்லை, பத்திரம் இல்லை. முன்பணம் இறைச்சி, அளவுக்கு இலை. "ஏதோ ஒரு முனை" என்று அவர்கள் கேட்கவில்லை. தன் வில்லுக்கும் தன் தண்டுக்கும் எது பொருந்தும் என்று அந்த வேடனுக்குத் தெரிந்திருந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. பொருநை பிறக்கும் மலை இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரு அம்பு முனையைப் பார்க்கும்போது, அது பாதிப் பொருள்தான் என்பது நினைவில் இருக்க வேண்டும். மீதிப் பாதி ஒரு நாணல், மூன்று இறகு, அதை விரலால் வளைத்துப் பார்த்து "இது ஆகும்" என்று சொன்ன ஒருவனின் அறிவு. இரும்பின் வயதைக் கணக்கிட்டுவிட்டார்கள். அந்த அறிவுக்கு என்ன வயது என்று சொல்ல எந்தத் தாழியிலும் ஒன்றும் மிஞ்சவில்லை.