கல்லீரல் நோயும் பத்தியமும்: சேலம் – நாமக்கல் சமவெளி

முற்றிய கல்லீரல் நோயாளிக்கு என்ன உணவு கொடுப்பது என்ற கேள்விக்கு, மருத்துவம் நூறாண்டுக்குள் இருமுறை தன் விடையை மாற்றிக்கொண்டது. சேலம், நாமக்கல் பகுதிக்கு இந்த வரலாற்றில் தனியான தொடர்பு உண்டு.

சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அப்போது அதற்குள் அடங்கியிருந்தன. சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி, திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழை ஏற்கெனவே நடத்தியவர். கல்லீரல் இழைநார் வளர்ச்சி (சிரோசிஸ்) மஞ்சள் காமாலைக் கிருமிகளாலும் கொழுப்பு படிவதாலும்கூட வரும். குடியால் வந்தவருக்கோ குடியை நிறுத்துவது சிகிச்சையின் முதல் பாதி. மறுபாதி உணவு.

அதே 1937-ல் நியூயார்க்கில் ஆர்தர் பேட்டெக் என்ற மருத்துவர், சிரோசிஸ் நோயாளிகளுக்குச் சத்துணவும் பி வைட்டமின்களும் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிடத் தொடங்கினார். 1941, 1948 அறிக்கைகளின்படி, நன்றாக உண்டவர்கள் முந்தைய நோயாளிகளைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர்.

இந்த விடை நிலைக்கவில்லை. குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலைத் தொடாமல் செல்லுமாறு அறுவை செய்யப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றால் மயங்குவதை, 1893-லேயே ருஷ்யாவில் பாவ்லோவ் குழுவினர் கண்டிருந்தனர். 1950-களில் பாஸ்டனிலும் லண்டனிலும் அமோனியாவுக்கும் நோயாளியின் புத்தி மயக்கத்துக்கும் உள்ள தொடர்பு தெளிவானது. உடனே புரதத்தைக் குறைப்பது விதியாயிற்று. கவனித்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

பழுதான கல்லீரலால் மாவுச்சத்தைப் போதிய அளவு சேமித்து வைக்க முடியாது. ஓர் இரவுப் பட்டினியே அந்த உடலுக்கு, நலமுள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். சர்க்கரைக்காக உடல் தன் தசையையே கரைக்கிறது. அமோனியாவைக் கல்லீரலுக்கு அடுத்தபடியாக அகற்றுவதும் அதே தசைதான். புரதத்தைக் குறைத்தால் தசை கரையும்; தசை கரைந்தால் மயக்கத்துக்கே வழி. நீர் கோத்த வயிறு இந்த மெலிவை மறைத்துவிடும். கையும் தோளும் எலும்பாவதைப் பார்த்தால்தான் தெரியும்.

2004-ல் பார்சிலோனா மருத்துவர்கள், மயக்கம் வந்த நோயாளிகளுக்குக்கூட வழக்கமான அளவு புரதம் கொடுக்கலாம் என்று காட்டினர். 2016-ல் வெளியான தில்லி ஆய்வில், போதிய சக்தியும் தாவரப் புரதமும் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு மூளையின் லேசான மந்தநிலை நீங்கியது. இறைச்சி உண்ணாதவர்களுக்குப் பயறும் தயிரும் போதும் என்பதற்கு இது நல்ல சான்று.

வீட்டுப் பத்தியமோ இன்னும் பழைய பாதையிலேயே செல்கிறது: முட்டை கூடாது, பருப்பு கூடாது, கஞ்சி போதும். இரண்டாம் உலகப் போரில் மலாயா இறக்குமதி நின்றபோது குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யக் கற்றுக்கொண்ட ஊர் சேலம். ஆனால் ஜவ்வரிசிக் கஞ்சியில் மாவுச்சத்தைத் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலோ, சுமார் 6 கிராம் புரதமுள்ள ஒரு முட்டை நோயாளிக்கு விலக்கப்படுகிறது!

இன்றைய பரிந்துரை, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். எடையைக் கணக்கிடும்போது கோத்த நீரைக் கழித்துவிட வேண்டும். நீர் கோத்தால் உப்பைக் குறைப்பது மட்டும் பழைய பத்தியத்தில் சரியான பகுதி. அதையும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் குறைக்க வேண்டும். சோறே இறங்காத அளவுக்கு அல்ல. படுக்கப்போகும் முன் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த சிறு உணவு ஒன்றும் தேவை: இட்லியும் பாலும், அல்லது கொஞ்சம் பருப்புச் சோறு.