ஒளிப்படப் பிலிம், சிற்றளவு உற்பத்தி

ஒளிப்படப் பிலிம், சிற்றளவு உற்பத்தி: பெருஞ்சந்தை டிஜிட்டல் காமிராவிடம் போன பிறகு, எஞ்சிய ஆர்வலர்களுக்காகவும் திரைப்படக் கலைஞர்களுக்காகவும் வெள்ளி ஹாலைடு பிலிமைப் பூசி, வெட்டி, சுருட்டி விற்கும் தொழில். கடையில் காணும் பிலிம் பெயர்கள் பல; பூசும் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பூசுபவரே உற்பத்தியாளர். பிறர் பூசியதை மொத்தமாக வாங்கித் தம் பெயரிட்ட டப்பாவில் அடைப்போர் வணிகர் என்ற வகையிலேயே அடங்குவர். பெல்ஜியத்தின் மோர்ட்செல் நகரில் வான்படம் எடுப்பதற்காகப் பூசப்படும் அக்ஃபா பிலிம் ரோலை என்னும் பெயரில் சாதாரணக் காமிராவுக்கு வருவதும், கோடக்கின் திரைப்பட நெகட்டிவ் கரும்பூச்சு நீக்கப்பட்டு சினிஸ்டில் ஆனதும் இவ்வகை.

பொருள்கள்

பிலிம் மூன்று பொருள்களின் சேர்க்கை: அசிட்டேட் அல்லது பாலியெஸ்டர் அடித்தகடு, ஜெலட்டின், ஜெலட்டினுக்குள் மிதக்கும் வெள்ளி ஹாலைடு மணிகள். வெள்ளி விலை ஏறினால் பிலிம் விலை ஏறும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டால் அது பெரிய காரணம் அன்று என்பது விளங்கும். 36 படம் எடுக்கும் ரோல் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம், 35 மில்லிமீட்டர் அகலம். அதன் பரப்பு எட்டுக்குப் பத்து அங்குலத் தாள் ஒன்றைவிடச் சற்றே கூடுதல். சதுர மீட்டருக்கு 5 கிராம் வெள்ளி என்று தாராளமாக வைத்தாலும் ஒரு ரோலில் விழுவது கால் கிராமுக்குச் சற்று மேல். ஒரு கொலுசு மணியின் எடைகூட இல்லை. 2025 அக்டோபரில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரைத் தாண்டியது. அந்த விலையிலும் இது அரை டாலருக்குள் அடங்கிவிடும்.

உண்மையில் இத்தொழிலை ஆட்டிவைத்த பொருள் ஜெலட்டின். மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையை ஒளிப்படத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் (1871). ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவ வேண்டிய பழைய முறை போய், முன்கூட்டியே செய்து பெட்டியில் அடுக்கி விற்கக்கூடிய உலர்தகடு வந்தது. ஒளிப்படப் பொருள் ஆலைச் சரக்கானது அப்போதுதான். ஆல்ஃபிரட் ஹார்மன் 1879இல் லண்டனை அடுத்த இல்ஃபர்டு ஊரில் தகடு செய்யத் தொடங்கினார். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1880இல் தொடங்கினார். 1882இல் ஈஸ்ட்மனின் தகடுகள் திடீரென்று கெட்டன. சூத்திரம் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. ஆயினும் படம் விழவில்லை. விற்ற தகடுகளை மாற்றிக் கொடுத்துவிட்டு ஈஸ்ட்மன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய்த் தெரிந்துகொண்டது, கோளாறு ஜெலட்டினில் இருந்தது என்பதை. அதன் காரணம் துலங்க மேலும் நாற்பது ஆண்டு ஆயிற்று. ஈஸ்ட்மன் நிறுவிய கோடக்கின் ஆய்வகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்டு 1925இல் வெளியிட்ட முடிவின்படி, ஜெலட்டினில் மிக நுண்ணிய அளவில் இருந்த கந்தகச் சேர்மங்களே பிலிமுக்கு ஒளியுணர்வைக் கூட்டின. மாடு கடுகுச்செடி வகைகளை மேய்ந்திருந்தால் அச்சேர்மங்கள் ஜெலட்டினில் இருக்கும், இல்லையேல் இருக்காது. அதன்பின் தூய்மையான ஜெலட்டினை எடுத்து, வேண்டிய கந்தகத்தை அளந்து சேர்க்கும் முறை வந்தது. 1930இல் கோடக் சொந்தமாக ஜெலட்டின் ஆலையே வைத்துக்கொண்டது. அடித்தகட்டுக்கான வேதிப்பொருளுக்கு டென்னசியில் 1920 முதலே ஆலை இருந்தது. எலும்பு முதல் டப்பா வரை எல்லாம் ஒரே வீட்டுச் சமையல்.

இன்றைய சிற்றளவு உற்பத்தியாளருக்கு அந்த வசதி இல்லை. கோடக்கே வேதிப்பொருள் பிரிவை 1994இலும் ஜெலட்டின் ஆலையை 2011இலும் கைவிட்டது. கலர் பிலிமுக்கு வேண்டிய சாயங்களும் இணைப்பிகளும் பெரும்பாலும் வேறெந்தத் தொழிலுக்கும் பயன்படாதவை. அவற்றைச் செய்யும் வேதியாலை கிலோக்கணக்கு ஆர்டருக்காகக் கொதிகலனைக் கழுவி ஏற்றாது. ஒரு பொருள் நின்றால் சூத்திரம் முழுவதையும் மறுபடி அமைக்க வேண்டியதுதான். 2012இல் நிறுத்திய எக்டாகுரோம் கலர் ஸ்லைடு பிலிமைத் திரும்பக் கொண்டுவருவதாக கோடக் 2017 சனவரியில் அறிவித்தது. பழைய சூத்திரமும் சொந்த ஆலையும் கையில் இருந்தும், பிலிம் கடைக்கு வர 2018 செப்டம்பர் ஆயிற்று.

பூச்சுப் பொறியின் கணக்கு

பூச்சுக் கூடத்தில் வெளிச்சம் கிடையாது. எல்லா நிற ஒளிக்கும் வினைபுரியும் பிலிமுக்கு இருட்டறையின் சிவப்பு விளக்கும் ஆகாது. வெள்ளி ஹாலைடும் ஜெலட்டினும் சேர்ந்து இளஞ்சூட்டில் கஞ்சிபோல் இளகியிருக்கும் பால்மம் சரிவுத் தகட்டில் அடுக்கடுக்காக வழிந்து, ஒன்றோடொன்று கலக்காமல், ஓடும் அடித்தகட்டின்மேல் படியும். உடனே குளிர்காற்று பட்டு உறையும். பின்பு நீண்ட சுரங்கம் போன்ற உலர்த்தியில் காயும். ஓட்டம் சீராகும்வரை பூசப்பட்ட தொடக்கப் பகுதி கழிவு. அரைநாள் ஓட்டத்தில் அது பொருட்டில்லை. அரைமணி ஓட்டத்தில் இலாபத்தையே தின்றுவிடும்.

இந்தப் பொறிகள் பெருஞ்சந்தைக்காகக் கட்டப்பட்டவை. 1.3 மீட்டர் அகலத் தகட்டை நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் 130 சதுர மீட்டர், அதாவது 2,000 ரோலுக்கு மேல். ஒரு மணி நேரத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடும். பூசியது இரண்டு மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதால் பத்தாண்டுத் தேவையை ஒரே நாளில் பூசி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே ஒரு பிலிம் வகையின் வாழ்வைத் தீர்மானிப்பது வாங்குவோர் எண்ணிக்கை மட்டுமன்று. அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தும் அளவில் பொறி கிடைக்கிறதா என்பதே கேள்வி. சாதாரணப் பிலிம் விற்பனை சரிந்தபோது பொறிக்கு வேலை கொடுத்துவந்தவை எக்ஸ்ரே பிலிமும் திரைப்படப் பிரதியும். அதிலும் திரைப்படப் பிரதியின் அளவு திகைக்கவைப்பது. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணிப் படத்தின் ஒரு பிரதி 13,500 அடி. தியேட்டருக்கு வந்திறங்கிய ஒரு படத்தின் பெட்டிகளில் ஏறக்குறைய 2,500 காமிரா ரோலுக்குரிய பிலிம் இருந்தது. ஐந்நூறு தியேட்டரில் வெளியானால் பன்னிரண்டு இலட்சம் ரோலுக்கு மேல். டிஜிட்டல் புரொஜெக்டர் வந்ததும் பெட்டி நின்றது. 2006இல் 1,240 கோடி அடியாக இருந்த கோடக்கின் திரைப்படப் பிலிம் விற்பனை 2014இல் 45 கோடி அடியாகச் சுருங்கியது. ராச்செஸ்டர் ஆலையை அப்போது காத்தது, குறிப்பிட்ட அளவு பிலிம் வாங்குவதாக ஹாலிவுட்டின் ஆறு பெரிய ஸ்டுடியோக்கள் செய்துகொண்ட உடன்பாடு (2015). ஒளிப்படக்காரர் இன்று வாங்கும் கோடக் ரோல் அந்த உடன்பாட்டின் நிழலில் வளர்ந்ததே.

ஆலைகள்

பிழைத்தவர்களில் முதலிடம் இல்ஃபர்டு நிறுவனத்தின் வழித்தோன்றலான ஹார்மன் டெக்னாலஜிக்கு. 2004இல் நொடித்த நிறுவனத்தை அதன் மேலாளர்களே 2005இல் வாங்கி, இங்கிலாந்தின் மோபர்லியில் கருப்பு வெள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சிறு சந்தைக்கு ஏற்ப வகைகளைக் கத்தரிக்காமல் பிலிம், தாள், ரசாயனம் மூன்றையும் கைவிடாமல் வைத்தது நல்ல முடிவு. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்னும் முதல் கலர் பிலிமையும் வெளியிட்டார்கள். வழக்கமான ஆரஞ்சுத் திரை இல்லாத, மணி தெரியும் பிலிம் அது. குறையை மறைக்காமல் விற்று, வரவை அடுத்த பதிப்புக்குப் போட்டது நேர்மையான வழி.

போலராய்டு நிறுவனம் உடனடிப் பிலிமை 2008இல் நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலைப் பொறிகளை ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே பாஸ்மன் ஆகியோரின் குழு காயலான் கடைக்குப் போகாமல் வாங்கிக் காப்பாற்றியது. பொறி கிடைத்தது, ரசாயனம் கிடைக்கவில்லை. 2010இல் வந்த முதல் படங்கள் காமிராவிலிருந்து வெளிவரும் கணத்திலேயே வெளிச்சம் படாமல் கையால் மூடிக்கொள்ள வேண்டியவையாக இருந்தன. அப்படியும் மக்கள் வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் சூத்திரம் தேறியது. இத்தாலியின் ஃபெரானியா 2014இல் பொதுமக்களிடம் 3,22,000 டாலர் திரட்டியது. பெரிய ஆலையை விட்டுவிட்டு, பழைய ஆய்வகக் கட்டடத்தின் சிறு பொறியை இயக்குவது திட்டம். கட்டடத்தில் கல்நார் இருந்ததும் பிற தடைகளும் சேர்ந்து, தருவதாகச் சொன்ன கலர் ஸ்லைடுக்குப் பதில் 2017இல் பி30 என்னும் கருப்பு வெள்ளைப் பிலிமே வந்தது. ஆனால் ஆய்வகப் பொறியே சிற்றளவுக்கு உரிய பொறி என்று கண்டது இவர்கள் மட்டுமல்ல. செருமனியின் அடாக்ஸும் அதே தடத்தில் செல்கிறது. செக் நாட்டின் ஃபோமா 1921 முதல் இடையறாது இயங்குகிறது.

இந்தியாவில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவன நுட்பத்தோடு 1967இல் உதகமண்டலத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ ரோலும் தாளும் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் இருட்டறைகளில் பழகிய சரக்கு. பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடனின் வட்டியும் இறக்குமதிப் பிலிமின் போட்டியும் சேர்ந்து 1990களின் நடுவில் அதை நலிந்த நிறுவனமாக்கின. 2014இல் மூடும் முடிவு வந்தது. சிறு பொறியில் கருப்பு வெள்ளையை மட்டும் தொடர்ந்திருந்தால் இன்று ஆசியாவில் நமக்கென்று ஒரு பிலிம் இருந்திருக்கும்.

2024 நவம்பரில் கோடக் தன் ஆலையைச் சில வாரம் நிறுத்திப் பொறிகளைப் புதுப்பித்தது. சீனாவில் பாவோடிங் நகரின் லக்கி பிலிம் ஆலையும் இயங்குகிறது.