காஞ்சியிலிருந்து கல்வராயன், புதுச்சேரியிலிருந்து நவுரு

கல்வராயன் மலையில் கரியாலூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினரின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் கதை. அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் இம்மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் போகுமிடத்தைப் போகிறவர்களே தேர்ந்தார்கள் என்பது கதையில் தெளிவு. இன்று அடைக்கலம் கேட்பவர்கள் இழந்திருப்பது அந்தத் தேர்வைத்தான்.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து படகேறிய 157 பேரை, பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களை, ஆஸ்திரேலியா கிறிஸ்துமஸ் தீவருகே மறித்தது. ஏறக்குறைய ஒரு மாதம் சுங்கக் கப்பலில், சன்னல் இல்லாத அறைகளில் அடைத்து வைத்தது. குழந்தைகள் மட்டும் 50 பேர். இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் முயற்சி பலிக்காமல், ஆகஸ்டில் அவர்களை நவுருவுக்கு ஏற்றியனுப்பியது. 21 சதுர கிலோமீட்டர் தீவு அது. இப்படிச் செய்யாவிட்டால் கடலில் இன்னும் பலர் சாவார்கள் என்பது அரசின் வாதம். சாவு பொய்யல்ல, கவலையும் நியாயம். ஆனால் இவர்கள் ஏற்கெனவே அரசின் கப்பலில் இருந்தவர்கள். தண்டனை விழுந்ததும் ஆட்கடத்தியவன்மீதல்ல, அவர்கள்மீது. கப்பல் காவல் சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில். ஆஸ்திரேலியாவும் நவுருவும் அகதிகள் உடன்படிக்கையை ஏற்ற நாடுகள். அவர்கள் புறப்பட்ட இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.