கருத்திசைவும் வாக்குச் சீட்டும்

ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் இரண்டு. உறுப்பினர்களின் மனத்தை அறிந்து, பெரும்பாலோர் விரும்பும் ஒருவரைப் போட்டியின்றி ஏற்பது ஒன்று. இரகசிய வாக்கெடுப்பு நடத்தி எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. காங்கிரஸ் பாராளுமன்றக் கட்சி இருபது மாதங்களுக்குள் இவ்விரு வழிகளையும் கையாண்டது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1964 மே 27-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு மறைந்தார். குல்ஜாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமரானார். அடுத்த தலைவர் யார் என்ற கேள்விக்கு விடையாக லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய் ஆகிய இருவர் பெயர்களும் முன்னின்றன. அப்பொழுது காங்கிரஸின் தலைவர் காமராஜர். 1963-இல் சென்னை முதலமைச்சர் பதவியைத் தாமாகவே துறந்து கட்சிப் பணிக்கு வந்தவர் அவர். உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டறியும் பொறுப்பைச் செயற்குழு அவரிடம் ஒப்படைத்தது. பலரையும் சந்தித்துக் கேட்டபின், சாஸ்திரிக்கே ஆதரவு மிகுதி என்ற முடிவுக்கு வந்தார். ஜூன் 2-ஆம் நாள் சாஸ்திரியின் பெயரை நந்தா முன்மொழிய, மொரார்ஜியே வழிமொழிந்தார்.

இம்முறைக்குக் கருத்திசைவு என்று பெயர். ஏகமனது என்பது வேறு, இது வேறு. மாறுபட்ட கருத்துடையோர் இருப்பர். ஆயினும் முடிவுக்கு இணங்குவர். பிளவின்றிக் காரியம் முடிந்தது இதன் பெருமை. எவர் பக்கம் எத்தனை பேர் நின்றனர் என்பது ஏட்டில் ஏறாமற் போனது இதன் குறை.

1966 ஜனவரி 11-ஆம் நாள் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். நந்தா மீண்டும் தற்காலிகப் பிரதமரானார். காமராஜரே அப்பதவியை ஏற்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர், அவர் இசையவில்லை. அவருடைய ஆதரவும் முதலமைச்சர்கள் பலரின் ஆதரவும் இந்திரா காந்திக்குக் கிடைத்தன. ஆனால் மொரார்ஜி இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை. உறுப்பினர்கள் அச்சமின்றித் தம் விருப்பத்தைச் சொல்ல வாக்கெடுப்பே வழி என்று நின்றார். ஜனவரி 19-ஆம் நாள் பாராளுமன்ற மைய மண்டபத்தில் வாக்குகள் எண்ணப்பட்டன. இந்திரா காந்திக்கு 355; மொரார்ஜிக்கு 169.

பெருந்தோல்விதான். ஆயினும் கட்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர் பக்கம் நின்றனர் என்பது நாடறிந்த செய்தியாயிற்று. 1967 பொதுத்தேர்தலில் காங்கிரஸின் பலம் குறைந்தபொழுது, மீண்டும் ஒரு போட்டியைத் தவிர்க்கச் சமரசம் தேவைப்பட்டது. மொரார்ஜி துணைப் பிரதமரானார். அந்த 169 வாக்குகள் வீணாகவில்லை அன்றோ?

ஆனால் வாக்கெடுப்பும் சர்வரோக நிவாரணி ஆகாது. 1969-இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது, 1966-இல் எதிரெதிரே நின்ற காமராஜரும் மொரார்ஜியும் ஒரே அணியில் இருந்தனர். 1977-இல் ஜனதா கட்சி வென்றதும், தலைவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு ஜெயப்பிரகாஷ் நாராயணிடமும் கிருபளானியிடமும் விடப்பட்டது. வாக்கெடுப்புக்காக வாதாடிய மொரார்ஜி, வாக்கெடுப்பின்றியே பிரதமரானார்! அம்முடிவால் ஜகஜீவன்ராம் மனம் வருந்தினார். அக்கட்சியின் ஒற்றுமையும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? கருத்தைக் கேட்பவரிடம் அனைவருக்கும் நம்பிக்கை உள்ளவரை கருத்திசைவு நன்று. அந்நம்பிக்கை தளரும்பொழுது எண்ணிப் பார்ப்பதே நேர்மை. எண்ணும்பொழுது வென்றவரின் பலம் மட்டுமன்று, தோற்றவரின் பலமும் தெரிகிறது. அதை மதித்து நடக்கும் கட்சியே நிலைபெறும்.