பெயரும் பொருளும்: ஒப்பனைக் கனிம வண்ணங்களின் வரலாறு

தஞ்சாவூர் மாவட்டப் பண்டிதர் ஒருவர் மைசூரு கீழ்த்திசை நூலகத்தில் 1905இல் ஒப்படைத்த சுவடியே, சாமசாத்திரியாரால் 1909இல் அர்த்தசாத்திரமாகப் பதிப்பிக்கப்பெற்றது. அந்நூலின் சுரங்கம் பற்றிய இயல், தாதுக்களின் நிறத்தை அரிதாரம், மனோசிலை, சாதிலிங்கம் முதலியவற்றோடு ஒப்பிட்டு உணர்த்துகிறது. நிறத்திற்கு உவமையாகும் அளவிற்கு இவை அக்காலத்தார் நன்கறிந்த பொருள்கள் என்பது இதனால் பெறப்படும்.

வேதியியல் நோக்கில் அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக் சல்பைடுகள். சாதிலிங்கம் பாதரச சல்பைடு. கூத்தர் முகத்தில் பூசிய மஞ்சள் வண்ணமாகிய அரிதாரம், நாளடைவில் மேடை ஒப்பனை அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. இங்குப் பொருள் நீங்கிச் சொல் நிலைத்தது.

குங்குமத்தின் வரலாறு இதற்கு மறுதலையானது. முதலில் குங்குமப்பூவைக் குறித்த அச்சொல், பின்னர்க் காரப்பொருளால் செம்மையூட்டப்பெற்ற மஞ்சள்பொடியைக் குறித்தது. காலப்போக்கில் குங்குமம், சிந்தூரம் என்னும் பெயர்களின்கீழ்ச் செயற்கைச் சாயங்களும், ஈய ஆக்சைடாகிய ஈயச் செந்தூரமும் விற்பனைக்கு வந்தன. மைசூருவின் தேவராஜ சந்தை கூம்பாகக் குவித்த வண்ணப்பொடிகளுக்குப் பெயர்பெற்றது. எந்தச் சந்தையிலாயினும், மஞ்சளின் செம்மையையும் ஈயத்தின் செம்மையையும் கண்ணால் பிரித்தறிதல் அரிது.

இவ்வேறுபாடு உயிர்நலம் சார்ந்தது. கைவழி வாயை அடையும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமெரிக்கப் பொதுநல ஆய்விதழில் 2017இல் வெளியான ஆய்வொன்று 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்தது. இந்தியாவில் வாங்கியவற்றுள் 43 விழுக்காடும், அமெரிக்காவில் வாங்கியவற்றுள் 19 விழுக்காடும் கிராமுக்கு 20 மைக்ரோகிராம் என்னும் ஈய வரம்பைக் கடந்திருந்தன.

இயற்கைக் கனிமம் ஆதலின் தீங்கற்றது என்னும் கருத்தும் பொருந்துவதன்று. காவிக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு பெரிதும் தீங்கற்றதே. எனினும் அகழ்ந்தெடுத்த மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருத்தல் கூடும். அதனாலேயே அமெரிக்க விதிகள், அழகுப்பொருள்களுக்குச் செயற்கையாக ஆக்கிய இரும்பு ஆக்சைடையே ஏற்று, அதிலும் பத்து இலட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு என வரம்பிடுகின்றன. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள், நிறத்திற்காக ஈய, ஆர்சனிக் சேர்மங்களைச் சேர்ப்பதைத் தடைசெய்கின்றன.

சட்டம் பொருளை நோக்குகிறது. வழக்கு பெயரை நோக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே தீங்கு நுழைகிறது. எனவே பழஞ்சுவடிகளின் ஒப்பனைக் குறிப்புகளைப் பதிப்பிப்போர், ஒவ்வொரு வண்ணப்பெயரும் சுட்டும் கனிமத்தை அடையாளங்கண்டு விளக்குதல் இன்றியமையாதது. அவ்விளக்கமின்றி அக்குறிப்புகளை இன்றைய பயன்பாட்டிற்குப் பரிந்துரைத்தல் தகாது.