பொதுக்குறி தேடிய தமிழர்

எழுத்து மக்களின் பொதுச்சொத்து. ஏட்டில் வரைந்தாலும் தாளில் அச்சிட்டாலும் 'அ' என்பது 'அ'வே. அதனைப் படிக்க எந்த வணிகனின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆயின், தமிழ் கணினியில் ஏறிய தொடக்க காலத்தில் இந்த எளிய உரிமை நம் கையைவிட்டு நழுவியது. அதனை மீட்க எழுந்த 'திஸ்கி' என்னும் முயற்சியின் வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறிய வேண்டியதொன்று.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுப்பதே குறியேற்றம். ஆங்கிலத்துக்கு 1963ஆம் ஆண்டிலேயே 'ஆஸ்கி' என்ற பொது ஏற்பாடு பிறந்தது. தமிழிலோ எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை வகுத்தனர். இலங்கையில் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். எழுதியவர் தமிழர், படிப்பவரும் தமிழர், இடையில் நின்றது சுவர்.

1990களின் பிற்பகுதியில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலிய பலர், நாடு கடந்து இணையம் வழியே விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினர். அவர்களது நோக்கங்கள் தெளிவானவை. தமிழும் ஆங்கிலமும் ஒரே கோப்பில் அமைய வேண்டும். விண்டோஸ், மக்கின்டோஷ், யுனிக்ஸ் எனக் கணினி எதுவாயினும் எழுதியது எழுதியபடியே தோன்ற வேண்டும். அக்குறியேற்றம் எவருடைய தனியுடைமையும் ஆகாது. அன்றைய 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டு, மறுபாதியில் தமிழை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைக்கும் எங்கள் வலையிறவுப் பாலம், வருவது யாருடைய வண்டி என்று கேட்பதில்லை. திஸ்கியும் அத்தகைய பாலமாகவே கருதப்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் அக்குறியேற்றத்தில் உலகெங்கும் சென்றன.

எனினும் ஒற்றுமை எளிதில் வாய்க்கவில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு 'தாம்', 'தாப்' என்ற வேறிரு குறியேற்றங்களை ஏற்றது. உலக மொழிகள் அனைத்துக்குமான ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால், விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது பொதுமக்களின் கணினிகளில் இயங்கலாயிற்று. 2008இல் இலங்கை தனது தமிழ்க் குறியேற்றத் தரத்தை வெளியிட்டது. 2010இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. திஸ்கி வழக்கொழிந்தது. அதனைத் தோல்வி என்பது பிழை. பொதுக்குறி வேண்டும் என்ற அதன் கோரிக்கை வென்றது. வென்றபின் கருவி ஓய்வு பெற்றது.

ஆயினும் அவ்வெற்றி நமது வகுப்பறைகளை முழுமையாக வந்தடையவில்லை. பாமினியில் தட்டெழுதிய வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் இன்றும் எம்மிடம் வந்து சேர்கின்றன. தாளில் அச்சிட்டால் குறை தெரியாது. ஆனால், அவற்றில் ஒரு சொல்லைத் தேடமுடியாது, கைப்பேசியில் படிக்கமுடியாது. பார்வையற்ற மாணவன் திரைவாசிப்பானை இயக்கினால், அது தமிழ்ப் பாடத்தைப் படிக்காது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளையே ஒப்புவிக்கும். வசதியுள்ளவன் இன்னொருவரைக் கொண்டு படித்துக்கொள்வான். வறிய வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டியது பணமன்று, கூட்டு முயற்சி. ஊதியம் கருதாத தொண்டர்கள் அன்று தொடங்கிய பணியை, ஒவ்வொரு பாடசாலையிலும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து முடிப்போமாக. எல்லோரும் படிக்க இயலும்போதே எழுத்து பொதுச்சொத்தாகிறது.